3ஜி மூடிய பிறகு: வரைபடத்தில் இருக்கும் சிக்னல் வயலில் ஏன் இல்லை?

2024 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய செல்போன் நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் தங்கள் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. வோடஃபோன் பெயரில் சேவை தரும் டிபிஜி நிறுவனம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த வேலையை முடித்திருந்தது. சிட்னியிலும் மெல்பர்னிலும் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. கால்நடைப் பண்ணைகளும் கோதுமை வயல்களும் உள்ள உட்பகுதிகளிலிருந்து வந்த பேச்சு வேறு: நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த இடத்தில் இன்று பேச முடியவில்லை, திரையில் சிக்னல் கம்பி காட்டுகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை.

நிறுவனங்களின் பதில் எளிமையானது. 3ஜி எட்டிய இடமெல்லாம் 4ஜி எட்டுகிறது, வேண்டுமானால் சிக்னல் எட்டும் இடங்களைக் காட்டும் எங்கள் கவரேஜ் வரைபடத்தைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தால் உண்மைதான், புகார் சொல்லும் விவசாயி நிற்கும் இடமும் வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்டே இருக்கிறது.

இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். கவரேஜ் என்பதை மழை பெய்யும் இடம், பெய்யாத இடம் என்பதுபோல நிலத்துக்கு உரிய குணமாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கோபுரம், கையில் இருக்கும் போன், இடையில் உள்ள அலைவரிசை ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் கவரேஜ். வரைபடம் முதலாவதை மட்டுமே கணக்கிட்டுவிட்டு, மற்ற இரண்டும் சரியாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது.

முதலில் நான்கு சொற்கள்

1. தலைமுறை. 2ஜி, 3ஜி, 4ஜி என்பவை வேகத்தின் படிகள் மட்டுமல்ல, வெவ்வேறு மொழிகள். கோபுரம் ஒரு மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டால், அந்த மொழி மட்டுமே தெரிந்த போன் எவ்வளவு அருகில் இருந்தாலும் அதற்கு அங்கே கோபுரமே இல்லை.

2. அலைவரிசை. ரேடியோ அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது அதிக தூரம் போகும். மரம், மேடு, சுவர் ஆகியவற்றைத் தாண்டும் திறனும் கூடும். நாட்டுப்புறத்துக்கு 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளே உயிர். 1800, 2100, 3500 எல்லாம் நெருக்கமான ஊர்களுக்கானவை.

3. குரல். 2ஜியிலும் 3ஜியிலும் நாம் பேசும்போது, அந்த உரையாடலுக்கென்று ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. 4ஜியில் அப்படித் தனித் தடம் கிடையாது. அது முழுக்க முழுக்க தரவுக்காக வடிவமைக்கப்பட்ட வலைப்பின்னல். அதில் குரல் போக வேண்டுமானால் அதையும் தரவுப் பொட்டலங்களாக நறுக்கி அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர்தான் வோல்ட்டி. இது வராத காலத்தில், 4ஜி போன்கள் இணையத்துக்கு 4ஜியையும் பேசுவதற்குச் சத்தமில்லாமல் 3ஜியையும் பயன்படுத்தின. திரையின் மூலையில் 4ஜி என்று எழுதியிருந்ததால், தங்கள் குரல் 3ஜி வழியாகப் போய்க்கொண்டிருந்தது பலருக்குத் தெரியவே தெரியாது.

4. சதவீதம். டெல்ஸ்ட்ரா தன் சேவை மக்கள்தொகையில் 99.7 சதவீதத்தை எட்டுவதாகச் சொல்கிறது. பரப்பளவில் அது சொல்லிவந்த கணக்கு சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 77 லட்சம். அதாவது, ஏறத்தாழ எல்லா மக்களும் உள்ளே. ஏறத்தாழ அறுபது சதவீத நிலம் வெளியே. இரண்டு எண்களும் ஒரே வலைப்பின்னலைப் பற்றியவைதான். விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்காவது மூடல்

அலைக்கற்றை என்பது அளவான சொத்து. ஒரே 850 மெகாஹெர்ட்ஸில் 3ஜியையும் வைத்துக்கொண்டு 5ஜியையும் தாராளமாகத் தர முடியாது. பழைய கருவிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. 3ஜியில் ஓடும் தரவு ஆண்டுதோறும் சுருங்குகிறது. மின்சாரக் கட்டணம் சுருங்குவதில்லை. ஆகவே மூடுவதற்கான காரணம் நியாயமானதே. அமெரிக்கா, பிரிட்டன், நியூசிலாந்து என்று எல்லோரும் இதே பாதையில்தான் போகிறார்கள்.

ஆனால் ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தவர்களின் அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் பிற்பகுதியில் வந்த அனலாக் என்ற முதல் தலைமுறைப் போன்கள் வயல்வெளியில் நன்றாக வேலை செய்தன. காரில் பொருத்தும் வகை பல வாட் சக்தியுடன் ஒலிபரப்பியது. பின்னர் வந்த 2ஜி ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்தில் ஒரு கறாரான எல்லை இருந்தது. போனிலிருந்து வரும் துடிப்பு கோபுரத்தை அடையும் நேரத்தைக் கணக்கிடும் முறையால், சாதாரண அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு அப்பால் அது இயங்காது, சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் சரி. முப்பது கிலோமீட்டர் என்பது பக்கத்து வீடாக இருக்கும் தேசத்தில் இது எடுபடவில்லை. அதனால் அனலாக் மூடப்பட்டபோது நாட்டுப்புறத்துக்கென்று சிடிஎம்ஏ என்ற வேறொரு தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள்.

2006 அக்டோபரில் டெல்ஸ்ட்ரா 850 மெகாஹெர்ட்ஸில் நெக்ஸ்ட் ஜி என்ற பெயரில் 3ஜியைத் தொடங்கியது. அதன் பிறகு சிடிஎம்ஏவை மூட நாள் குறித்தது. அன்றும் இதே வாக்குறுதி, அன்றும் இதே புகார். முதலில் குறித்த நாள் 2008 ஜனவரி. கிராமங்களிலிருந்து வந்த எதிர்ப்பால் அன்றைய தகவல்தொடர்பு அமைச்சர் ஸ்டீபன் கான்ராய் அனுமதி மறுத்தார்; கடைசியில் 2008 ஏப்ரல் 28 அன்று மூடப்பட்டது. 2ஜி 2016 டிசம்பரில் போனது. ஆக, 3ஜி மூடல் அந்த மக்கள் பார்த்த நான்காவது மூடல். 2019இலேயே அறிவித்து ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தோம் என்று டெல்ஸ்ட்ரா சொன்னது சரிதான். 2024 ஜூன் என்று தொடங்கி, ஆகஸ்டாகி, அக்டோபர்வரை தள்ளிப்போனதும் உண்மை.

ஒரே கோபுரம், ஒரே இடம்; பிறகு ஏன்?

இதுதான் கட்டுரையின் கடினமான பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் போவோம். ஒழுங்காகச் சீரமைக்கப்பட்ட 4ஜி, தாழ்ந்த அலைவரிசையில், 3ஜிக்கு இணையான தூரம் போகும் என்று பொறியாளர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் எத்தனை நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள்.

1. போனுக்கு அந்த அலைவரிசை தெரிய வேண்டும். டெல்ஸ்ட்ராவின் நாட்டுப்புற 4ஜி பெரிதும் 700 மெகாஹெர்ட்ஸை நம்பியிருக்கிறது. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில போன்களில், ஆஸ்திரேலியாவில் பயன்படும் அந்த 700 வரிசை இருக்காது. அப்படிப்பட்ட போனுக்கு 1800 மட்டுமே கேட்கும். ஊர் மத்தியில் வித்தியாசமே தெரியாது. ஊரைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் சட்டென்று இறந்துவிடும். முன்பு அந்த இடத்தில் அதைத் தாங்கிப் பிடித்தது 850இல் ஓடிய 3ஜி.

2. 3ஜி குரலைப் பரப்பி அனுப்பியது. நொடிக்கு 12.2 கிலோபிட் அளவே உள்ள குரலை, நொடிக்கு 38.4 லட்சம் துண்டுகள் கொண்ட ஒரு தனிக் குறியீட்டில் அது பரப்பியது, அதாவது முந்நூறு மடங்குக்கும் மேலாக. அந்தக் குறியீடு தெரிந்த கோபுரம், இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குரலையும் தோண்டி எடுத்துவிடும். விளிம்பில் குரல் கரகரத்தது, உடைந்தது; ஆனால் அறுபடவில்லை. வோல்ட்டி அப்படி இல்லை. ஓர் எல்லைவரை அதன் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்; பொட்டலங்கள் தொலையத் தொடங்கியதும் ஒன்றுமே இருக்காது. பழைய தொழில்நுட்பம் மெல்லத் தேய்ந்தது, புதியது விளிம்பில் சட்டென்று அறுபடுகிறது.

3. 3ஜியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோபுரங்கள் ஒரு அழைப்பைத் தாங்கலாம். ஒன்றின் பிடி தளரும் முன்பே மற்றொன்று பிடித்திருக்கும். 4ஜியில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இரண்டு கோபுரங்களும் பலவீனமாகக் கேட்கும் நெடுஞ்சாலை நடுவில் அழைப்பு அறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

4. போனின் குரல் சிறியது. கோபுரம் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது. 2ஜி போன் அதிகபட்சம் இரண்டு வாட் சக்தியில் பதில் சொன்னது. 3ஜி போனுக்குக் கால் வாட். 4ஜி போனுக்கு ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கோபுரம் சொல்வது போனுக்குக் கேட்கிறது, அதனால் கம்பி தெரிகிறது. போன் முணுமுணுப்பது கோபுரத்துக்குக் கேட்பதில்லை, அதனால் அழைப்பு போவதில்லை. "கம்பி இருக்கிறது, பேச முடியவில்லை" என்ற புகாரைக் கேட்டு யாராவது சிரித்தால், அவருக்கு இந்த நான்காவது காரணத்தைச் சொல்லுங்கள்.

5. நெரிசல். 3ஜியில் இருந்தவர்களும் அவர்களுடைய கருவிகளும் ஒரே நாளில் 4ஜிக்கு வந்துவிட்டார்கள். அக்கம்பக்கக் கோபுரங்களில் சுமை கூடும்போது இரைச்சல் கூடும். விளிம்பில் இருப்பவர் முதலில் கழன்று விழுவார்.

முழமும் சாணும்

விவாதம் எவ்வளவு எளிதில் குழம்புகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

ஒரு கோதுமை விவசாயி. கோபுரம் 28 கிலோமீட்டர் தொலைவில். அவர் வழக்கமாகப் பேசும் இடம் தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சிறிய மேடு. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் எண்ணாகத் தெரியும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும். பூஜ்யத்தை விட்டு விலக விலக சிக்னல் பலவீனம். 3ஜி இருந்தபோது அந்த மேட்டில் மைனஸ் 97 காட்டியது. இப்போது 4ஜியில் மைனஸ் 114. இடைவெளி பதினேழு டெசிபெல். பத்து டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில், இது ஐம்பது மடங்கு இழப்பு. அவர் கொதிப்பதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே கோலால் அளந்தவை அல்ல. 3ஜி எண், ஐந்து மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவிய அடையாளச் சிக்னலின் மொத்த வலிமை. 4ஜி எண், வெறும் 15 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு மெல்லிய இழையின் வலிமை. கோபுரம் ஏறக்குறைய அதே சக்தியில் ஒலிபரப்பினாலும் 4ஜி எண் பதினைந்து இருபது டெசிபெல் குறைவாகவே விழும். முழத்தில் அளந்த வேட்டியைச் சாணில் அளந்த துண்டோடு ஒப்பிடும் கதைதான். கம்பிகளை நம்பலாமா என்றால் அதுவும் கூடாது. எந்த எண்ணுக்கு எத்தனை கம்பி என்பதை போன் தயாரித்தவரும் நிறுவனமும் தங்கள் விருப்பப்படி முடிவு செய்கிறார்கள்.

இதை அறிந்த நிறுவன அதிகாரி "உங்கள் சிக்னல் குறையவில்லை" என்று சொல்லிவிடலாம். அவர் சொல்வது எண்ணளவில் சரி. ஆனாலும் மேட்டில் நிற்பவர் கேட்டது எண்ணைப் பற்றியல்ல. நேற்று பேச முடிந்தது, இன்று முடியவில்லை. மேலே சொன்ன ஐந்து காரணங்களில் எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிட்டது. என் பார்வையில், இந்த மூடலின் பெரிய அநீதி இதுதான். வலைப்பின்னலை மாற்றியவர்களிடம் கருவிகளும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். நிரூபிக்க வேண்டியவரிடம் ஒரு போனும் ஒரு மேடும்தான்.

வரைபடம் யாருக்காக வரையப்படுகிறது

கவரேஜ் வரைபடத்தை யாரும் நடந்து அளந்து வரைவதில்லை. கோபுரத்தின் உயரம், சக்தி, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கணினிக்குக் கொடுத்தால், இன்ன இடத்தில் இவ்வளவு சிக்னல் இருக்கும் என்று அது ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் போன் எங்கே இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கையிலா, காரின் கூரை மேலா?

2025 மே மாதத்தில் வோடஃபோன் தரப்பு இதைப் பகிரங்கமாகக் கிளப்பியது. டெல்ஸ்ட்ரா விளம்பரப்படுத்திய 30 லட்சம் சதுர கிலோமீட்டரில் சுமார் 10 லட்சம், வெளிப்புற ஆண்டெனா பொருத்திய வண்டிகளுக்கு மட்டுமே கிடைப்பது என்பது குற்றச்சாட்டு. ஆண்டெனா தேவைப்படும் பகுதிகளை வரைபடத்தில் தனியாகக் காட்டியிருக்கிறோம் என்பது டெல்ஸ்ட்ராவின் பதில். போட்டியாளர்கள் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல்.

காரின் முன்பக்கக் கம்பியில் நெட்டையான ஆண்டெனா வைத்த பிக்கப் வண்டிகள் ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் சர்வசாதாரணம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்வரை கவரேஜ் உண்டு. இறங்கி, வேலியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நானூறு மீட்டர் நடந்தால் இல்லை. அங்கே பண்ணை விபத்துச் சாவுகளில் டிராக்டர்களுக்கும், நான்கு சக்கர மோட்டார்சைக்கிள் போன்ற குவாட் வண்டிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கவிழ்ந்த குவாட் வண்டிக்கு அடியில் கிடப்பவருக்கு, தூரத்தில் நிற்கும் பிக்கப்பின் கவரேஜால் ஒரு பயனும் இல்லை.

ஊகத்தை விட்டுவிட்டு அளந்தே பார்த்துவிடலாம் என்று அரசு தேசிய அளவில் ஒரு தணிக்கையைத் தொடங்கியிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், அளக்கும் கருவிகளை ஆஸ்திரேலிய அஞ்சல் துறையின் வண்டிகளில் பொருத்தியது. எப்படியும் ஊர் ஊராகப் போகிற வண்டி. போகிற போக்கில் மூன்று நிறுவனங்களின் சிக்னலையும் பதிந்துகொண்டு போகிறது. ஆனால் அஞ்சல் வண்டி சாலையோடு போவது. தண்ணீர்த் தொட்டிவரை அது வராது.

அவசர அழைப்பு: பாதுகாக்கப் போய் முடக்கிய கதை

ஆஸ்திரேலியாவின் அவசர உதவி எண் 000. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், எட்டும் தூரத்தில் எந்த நிறுவனத்தின் கோபுரம் இருந்தாலும் அதன் வழியாக இந்த அழைப்பு போக வேண்டும் என்பது ஏற்பாடு.

2024 மார்ச் வாக்கில் ஒரு விபரீதம் கவனத்துக்கு வந்தது. சில 4ஜி போன்கள் சாதாரண அழைப்புகளை வோல்ட்டியில் ஒழுங்காகச் செய்யும். ஆனால் 000 என்று அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடிப் போகும். தயாரிப்பாளர்கள் மென்பொருளில் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். அன்றைய தகவல்தொடர்பு அமைச்சர் மிஷெல் ரோலண்ட் அப்போது சொன்ன மதிப்பீடு ஏறக்குறைய 7,40,000 போன்கள். தினமும் வேலை செய்கிற போன் உயிர் போகும் நேரத்தில் மட்டும் வேலை செய்யாது. அதுவரை உரிமையாளருக்குத் தெரியவும் தெரியாது. மூடல் தள்ளிப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம். 3498 என்ற எண்ணுக்கு 3 என்று குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் நிலையைச் சொல்லும் வசதியையும் ஏற்படுத்தினார்கள்.

பிறகு அரசு ஒரு கடுமையான விதியைக் கொண்டுவந்தது. 000 அழைக்க முடியாத போனுக்கு நிறுவனங்கள் சேவையே தரக் கூடாது. நோக்கம் நல்லது. பக்கவிளைவு: நேற்றுவரை பேச்சுக்கும் இணையத்துக்கும் குறைவில்லாமல் இருந்த போன்கள் வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்டன. அவற்றில் வெளிநாட்டில் வாங்கிய போன்கள் கணிசம். வோல்ட்டி என்பது போனில் இருந்தால் மட்டும் போதாது; இந்த மாடலில் இது வேலை செய்யும் என்று அந்த நாட்டு நிறுவனம் சோதித்துப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். சென்னையில் ஜியோவில் வோல்ட்டியில் பேசிய போன் ஆஸ்திரேலியாவில் ஊமையாகலாம். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோர் தங்கள் பழைய போனோடு இறங்கித் திகைப்பதற்கு இதுதான் காரணம்.

விதி வந்ததோடு கதை முடியவில்லை. 2025 இறுதியில், சாம்சங்கின் பழைய மாடல்கள் சிலவற்றில் இன்னொரு ஓட்டை வெளிப்பட்டது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் எட்டாத இடத்தில், வோடஃபோனின் சிக்னல் மட்டும் இருந்தால், அவை 000 அழைப்புக்கு வோடஃபோனின் 3ஜியைத் தேடின. அந்த 3ஜி மூடப்பட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பல போன்களுக்கு மென்பொருள் திருத்தம் போதுமானதாக இருந்தது. சிலவற்றை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் சிட்னியில், பழைய மென்பொருள் உள்ள சாம்சங் போனிலிருந்து 000 அழைப்பு போகாமல் ஒருவர் இறந்ததாக டிபிஜி நிறுவனமே அறிவித்தது. அது நடந்தது கோபுரங்கள் நிறைந்த ஒரு பெருநகரத்தில்.

பேசாத கருவிகள்

போன் அல்லாத பொருள்களிலும் 3ஜி சிம் இருந்தது. தொலைவிலுள்ள தொட்டியில் நீர்மட்டம் சொல்லும் உணரி, பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வானிலை நிலையம், கடையில் அட்டை தேய்க்கும் இயந்திரம், முதியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான், மின்தூக்கிக்குள் இருக்கும் உதவித் தொலைபேசி. இவற்றுக்குத் திரை இல்லை, கம்பி காட்டாது, எச்சரிக்கைச் செய்தி வந்தாலும் படிக்க ஆள் இல்லை. கோடையில் தொட்டி வற்றி மாடுகள் தாகத்தில் நின்ற பிறகு தெரிந்தால், அதுதான் அறிவிப்பு.

நம் ஊரில் ஏன் இந்தக் கூச்சல் எழவில்லை?

இந்தியாவிலும் 3ஜி மூடப்பட்டது. ஏர்டெல் 2019இல் கொல்கத்தாவில் தொடங்கி நாடு முழுக்க நிறுத்தியது. பலருக்கு நினைவுகூட இருக்காது. காரணம் எளிது: அவர்கள் நடுப்பிள்ளையை அனுப்பிவிட்டு மூத்ததை வைத்துக்கொண்டார்கள். 2ஜி இருந்தது. வோல்ட்டி இல்லாத போன் பேசுவதற்கு 2ஜிக்கு இறங்கியது, பட்டன் போன்கள் எப்போதும்போல் ஓடின. பிரிட்டனும் இதே வரிசையில்தான் போகிறது. அங்கே 3ஜி முதலில், 2ஜி 2033க்குள். 2016இல் வந்த ஜியோவுக்கோ 2ஜியும் 3ஜியும் தொடக்கத்திலிருந்தே கிடையாது. மூடுவதற்கு எதுவும் இல்லை.

ஆஸ்திரேலியா 2ஜியை முன்பே மூடிவிட்டு, பிறகு 3ஜியையும் மூடியது. கீழே வலை இல்லாத கம்பியில் 4ஜி மட்டும் நிற்கிறது. ஆகவே இந்தியாவில் இந்தக் கேள்வி எழப்போவது 2ஜியை மூடும் பேச்சு நிஜமாகும் நாளில்தான். மலையோரக் கிராமங்களிலும், பட்டன் போன் வைத்திருக்கும் வீடுகளிலும், 2ஜி சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர்களிலும் அது தெரியும். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போடும் விவசாயிகள் கொங்கு நாட்டில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

விளிம்பில் இருப்பவர் செய்யக்கூடியவை

1. போனில் வோல்ட்டி இயக்கத்தில் இருக்கிறதா, மென்பொருள் புதியதா என்று பார்ப்பது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் "சிக்னல் போய்விட்டது" என்ற புகார்களில் ஒரு பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

2. நிறுவனம் நாட்டுப்புறத்துக்குப் பரிந்துரைக்கும் மாடலை வாங்குவது. டெல்ஸ்ட்ரா இதற்கென்று நீல நிறச் சரிக்குறி ஒன்றை வைத்திருக்கிறது. விலை உயர்ந்த போன்தான் நன்றாக இழுக்கும் என்று இல்லை.

3. வீட்டில் செயற்கைக்கோள் இணையம் இருந்தால் வைஃபை அழைப்பை இயக்குவது. மின்சாரம் போனால் இதுவும் போகும். புயலும் காட்டுத்தீயும் வரும் நாளில்தான் மின்சாரம் போகும்.

4. வண்டிக்கோ வீட்டுக்கோ சிக்னல் பெருக்கி வைப்பதானால், அந்த நிறுவனம் அனுமதித்த கருவியை மட்டுமே வைப்பது. மலிவான பெருக்கிகள் கோபுரத்தையே குழப்பும். ஆஸ்திரேலியாவில் அவை சட்டவிரோதம்.

வானத்தை நோக்கி

தரைக் கோபுரங்களால் மீதி நிலத்தை நிரப்ப முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நூறு சதுர கிலோமீட்டரில் ஒரு குடும்பம் இருக்கும் இடத்தில் கோபுரம் கட்ட எந்த நிறுவனமும் முன்வராது. 2025 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு ஒரு புதிய கடமையை அறிவித்தது: திறந்த வெளியில் நாடு முழுக்க அடிப்படைக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் கிடைக்க நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும். சாதாரணப் போனோடு நேரடியாகப் பேசும், பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களை நம்பிய திட்டம் இது. 2027 இறுதி என்று இலக்கு. 50 லட்சம் சதுர கிலோமீட்டர்வரை புதிய கவரேஜ் என்று கணக்கு.

'திறந்த வெளி' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் கிடைக்காது, அடர்ந்த மரத்தடியில் நிச்சயமில்லை. குறுஞ்செய்தி முதலில் வரும், குரல் பிறகு. டெல்ஸ்ட்ரா 2025 ஜூனில் ஸ்டார்லிங்க்கின் துணையோடு செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கிவிட்டது. தொடங்கிய நாளில் அது வேலை செய்தது ஒரே ஒரு வரிசைப் போன்களில்தான்: சாம்சங் எஸ்25.